பந்து ஜமீலாவிடம்தான் இருந்தது

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, நான் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கும் அஸ்தினாபுரம் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி கூடைப்பந்து அணியில் என்னோடு ஆடிய ரேவதி போன் செய்தாள். "கலை, ஜமீலா போயிட்டாடி. காலைல நெஞ்சு வலின்னாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு" என்றாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் பல்லாவரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

உயிரோடு இருந்தவரை அவரை வாடி, போடி என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதையை நாங்கள் அவருக்கு அப்போதே கொடுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை தாம்பரத்தில் எங்கள் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய பயிற்சியாளர் சார் பேசினார். நல்ல மனிதர், கண் கலங்கியபடிதான் பேசினார். ஆனால் முடிக்கும்போது, "அந்தப் பொண்ணு பந்தைக் கொஞ்சம் பகிர்ந்து ஆடியிருந்தா நமக்குக் கோப்பை வந்திருக்கும்" என்றார். மொத்தக் கூட்டமும் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அழிக்கத்தான் எழுதுகிறேன்.

ஜமீலாவின் அத்தா பல்லாவரத்தில் தோல் பட்டறை வைத்திருந்தார். முழுக்கை பனியனும் டிராக் பேன்ட்டும் போட்டு, அதற்கு மேல் அணியின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வருவார் ஜமீலா. அணியிலேயே குள்ளம். எங்கள் பாயிண்ட் கார்டு அவர்தான். அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர். யார் கையில் பந்து விழுந்தாலும் கடைசியில் அவரிடம் போய்விடும். போனால் லேசில் திரும்பி வராது. அவர் தட்டிக்கொண்டே எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார், நாங்கள் காத்துக்கொண்டு நிற்போம்.

நான் கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அம்மா மீன் விற்ற கையோடு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவார். இவ்வளவு பாடுபட்டு வருவது இவள் பந்து தட்டுவதை வேடிக்கை பார்க்கவா என்று எனக்கு எரிச்சல். மற்றவர்களுக்கும் அதே எரிச்சல்தான். மூன்றாம் ஆண்டில், ஜமீலா பந்தை யாருக்கும் தருவதில்லை என்று அவருக்குத் தெரியாமல் சாருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். எழுதியது நான், முதல் கையெழுத்தும் என்னுடையது.

சார் புது விதி போட்டார். ஐந்து பேர் கையையும் தொட்ட பிறகுதான் பந்து வளையத்துக்குப் போக வேண்டும். 'அஞ்சு கை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பயிற்சியில் பார்க்க அழகாக இருந்தது. வேறு துறைப் பேராசிரியர்கள்கூட நின்று பார்த்துவிட்டு, என்ன ஒற்றுமை என்று பாராட்டினார்கள். ஜமீலா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, சொன்னபடியே ஆடினார். ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே எங்களிடம் மட்டும் சொன்னார்:

"நீங்க ஒத்துமைக்காக பாஸ் பண்லடி. பந்து கைல இருந்தா பயமா கீது, அதான் தள்ளி வுடுறீங்க."

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி ஆடுகளத்தில் எங்கள் பாதிக்கே வந்து நெருக்கிப் பிடித்தது. எட்டு வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குப் போய்விடும். நாங்களோ அஞ்சு கை கணக்கில் எங்களுக்குள்ளேயே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று முறை என் கையில் இருந்தபோதே நேரம் முடிந்தது. பந்து வந்ததும் யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. ஜமீலா சொன்ன பயம் அதுதான். இடைவேளையில் புள்ளிக் கணக்கில் பெரிய பள்ளத்தில் கிடந்தோம். நான் எழுந்துபோய், "சார், அஞ்சு கையும் வேணாம். பந்தை ஜமீலாகிட்ட கொடுத்துடலாம்" என்றேன். அந்த மைதானத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! இரண்டு பேர் அவர் மேலேயே தொங்கினார்கள், அவர் பந்தை விடவில்லை. சில பந்துகள் பறிபோயின, மறைக்க மாட்டேன். கடைசிக் கட்டத்தில் மூச்சு வாங்கியது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டு பேர் அவரைப் பிடிக்கப் போனால், எங்கள் நால்வரில் ஒருத்தியைத் தடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த ஒருத்தியைத் தேடித்தான் அவர் அவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தார். சுயநலம் என்று பேசியவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. நானும் அன்றுதான் பார்த்தேன்.

பள்ளத்திலிருந்து ஏறி வந்து, ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம், சில வினாடிகளே பாக்கி. ஜமீலாதான் எறிவார் என்று அரங்கமே நினைத்தது. வளையத்துக்கு அடியில் தனியாக நின்ற என்னிடம், நெஞ்சுக்கு நேராக, பந்து வந்தது. எறிந்தேன். வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது.

மறுநாளிலிருந்து ஒரே பேச்சு. ஜமீலா பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டதால் தோற்றோமாம். நாங்கள் பள்ளத்தில் விழுந்த முதல் பாதியை எல்லோரும் மறந்தார்கள். கடைசிப் பந்து யார் கையில் இருந்தது என்பதும் மறந்துபோனது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை வருடமும் வசதியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

அத்தாவுக்குப் பிறகு பட்டறையை அவரே நடத்தினார். எல்லாவற்றையும் தானே பிடித்து வைத்துக்கொள்கிறார் என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். அந்தத் தெருவில் பல பட்டறைகள் மூடிய பிறகும் அவருடையது ஓடியது.

இரண்டு மாதத்துக்கு முன் அங்கே போயிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் கேட்க மனம் வந்தது. கடிதம் எழுதியது நான்தான் என்று தெரியுமா என்றேன். அப்பவே தெரியும் என்றார். பிறகு ஏன் கடைசிப் பந்தை என்னிடம் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் என் மேல கெடந்தாங்க. நீ காலியா நின்னுகினு இருந்தே. வேற இன்னா பண்ணுவாங்க? நாளைக்கு ஆடினாலும் உன்கிட்டதான் கொடுப்பேன்" என்றார்.

அவர் போன அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டது. பட்டறையில் வேலை செய்தவர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நாங்கள் பெண்கள் வாசலில் நின்று, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சார், இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கோப்பையைத் தவறவிட்டது என் கை. அவர் கொடுத்தது சரியான பந்து. இனி யாராவது ஜமீலா பந்தைப் பகிரவில்லை என்று சொன்னால், எந்த மேடையானாலும் ஏறி, வாங்கியவள் நான்தான் என்று சொல்வேன். நிம்மதியாக உறங்குங்கள், ஜமீலா.