கெடுபிடியின் கையுறை

தீப்புண் வார்டு வாசலில் பதினோரு வருடமாக நிற்கிற அவளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் கெடுபிடி. தப்பாக வைத்துவிடவில்லை. செருப்போடு காலெடுத்து வைத்தவனுக்கு மாப்புக் குச்சியால் முட்டியில் ஒன்று விழும். மோதிரம் போட்டுக்கொண்டு வந்த பெரிய டாக்டரையே, "கழட்டிட்டு வாங்க சார், இல்லன்னா ஜன்னல் வழியா வைத்தியம் பாருங்க" என்று திருப்பி அனுப்பியவள். டாக்டரும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். வேறென்ன செய்வார், பாவம்!

பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கண்ணெதிரே ஒரு பெண் செத்துப்போனாள். தீ அவளைப் பாதிதான் தின்றிருந்தது, மீதியைச் சீழ் தின்றது. தோல் வெந்த உடம்பில் கிருமி நுழைய ஒரு விரல் பட்டால் போதும் என்று அன்றைக்கு நர்ஸ் சொன்னதை அவள் விடவே இல்லை. வீட்டிலும் அதே கதைதான். "நான் உன்னக் கட்டிக்கிட்டேனா, சோப்புக் கடையக் கட்டிக்கிட்டேனா?" என்று கேட்டுவிட்டுப் புருஷன் அவன் அம்மா வீட்டுக்குப் போனான். போனவன் போனவன்தான். அப்புறம் சொந்தம் என்று இருந்தது ஒரே தம்பி, லாரி மெக்கானிக்.

அந்தத் தம்பியையே ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் பெட்ரோல் பற்றி, வலது கையும் மார்பும் வெந்துபோயிருந்தன. நாலாம் நம்பர் கட்டில். "திங்கக்கிழமை தொடையிலேருந்து தோல் எடுத்து வெச்சுடலாம். கை பொழச்சுக்கும். அதுவரைக்கும் கிருமி அண்டாம பாத்துக்கணும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான், கெடுபிடிக்குத் தூக்கம் போயிற்று. தம்பி பெண்டாட்டியைக்கூடக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துத்தான் காட்டினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பர் கட்டில் பெரியவர் இறந்துபோனார். அவர் பிள்ளைகளை ஐந்து நாளாக உள்ளே விடாமல் நிறுத்தியவள் இவள்தான். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பெற்ற அப்பன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

பத்து மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் மூத்த மகன், கதவளவு அகலமான தடியன். கெடுபிடி அப்போதுதான் குப்பைக் கூடையைக் கட்டி வெளியே வைத்திருந்தாள். கையில் கையுறை இருந்தது.

"கடைசியா எங்கப்பா முகத்தக்கூடக் காட்டலயேடி!"

"காட்டுறோம்யா. பின்பக்கமா கொண்டு வருவாங்க. உள்ள இன்னும் ஆறு உசுரு இருக்கு, செருப்போட..."

பேச்சை முடிக்க விடவில்லை. நாற்காலி ஒன்று பறந்து வந்து கதவுக் கண்ணாடியை நொறுக்கியது. தடியன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, கதவு நிலையில் முகத்தை மடேரென்று மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது. அவளா அழுவாள்? மாப்புக் குச்சியை எடுத்து அவன் காதோடு சேர்த்து விளாசினாள். இன்னொருவன் இடுப்பில் உதைத்தான். விழுந்த இடத்திலிருந்தே தடியனின் மணிக்கட்டைக் கடித்தாள், பல் எலும்பில் பட்டது. ஒருத்தன் அவளைத் தாண்டி உள்ளே ஓடினான். சலைன் ஸ்டாண்டு சரிந்தது, நர்ஸுகள் அலறினார்கள். ஓடியவனின் காலைக் கட்டிக்கொண்டு, தரையோடு தரையாகத் தேய்ந்து, அவனை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். காவலாளிகள் தடியோடு ஓடி வந்து அடித்து அடக்கியபோது எட்டுப் பேரில் ஒருத்தன்கூட உள்ளே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, ஒண்டி ஆளாக நின்று வார்டைக் காப்பாற்றியிருந்தாள்.

"அக்கா! அக்காவக் கொன்னுட்டாங்களா?"

தம்பி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். கட்டு அவிழ்ந்து தொங்கியது. அவள் ஒரே ஓட்டமாக ஓடி, தோலில்லாத அந்தக் கையைப் பிடித்து அவனைப் படுக்கவைத்தாள்.

"ஒண்ணுமில்லடா. நான் இருக்கேன் பாரு, இருக்கேன் பாரு."

அவன் அழுது ஓயும்வரை பிடித்த கையை விடவில்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். குப்பை கட்டிய கையுறை. செருப்பு, தரை, தடியனின் ரத்தம், தன் மூக்கு ரத்தம், எல்லாவற்றையும் தொட்ட கையுறை. அது கையில் இருந்ததால்தான் கை சுத்தமாக இருப்பதாக மனசு நம்பிவிட்டது. இந்த முட்டாள்தனத்துக்காகப் புது நர்ஸுகளை எத்தனை தடவை அழவைத்திருப்பாள்!

அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் புண்ணைக் கழுவி மருந்தை மாற்றியிருப்பார்கள். சொல்லவில்லை. ஹெட் நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா இன்னிக்கு எல்லாரும் போயிருப்போம்" என்று அழுதபோது அவள் தலையை ஆட்டினாள். கட்டு அவிழ்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வெட்கம் கெட்ட வெட்கம்!

திங்கட்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. காய்ச்சல் கொளுத்தியது, கையில் பச்சையாகச் சீழ் கட்டியிருந்தது. வியாழக்கிழமை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

"எல்லாம் அந்தப் படுபாவிங்க கொண்டு வந்த கிருமி" என்றது ஆஸ்பத்திரி மொத்தமும். தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான். பத்து நாள் கழித்து, காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தவன் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னான்:

"ஒத்தக் கை போதும் எனக்கு. அந்தத் தடியன் ஜெயில விட்டு வரட்டும், பட்டறைச் சுத்தியாலயே மண்டையப் பொளக்குறேன். கூட்டாளிங்ககிட்ட சொல்லி வெச்சுட்டேன்."

அவன் சொன்னால் செய்கிறவன்.

"அவன் இல்லடா. உள்ள வந்தவன் உன் கட்டில்கிட்டகூட வரல. அழுக்குக் கையுறையோட உன் புண்ணப் புடிச்சது நான். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல."

அவன் அவளையே பார்த்தான். இடது கை ஸ்டூலைத் துழாவியது. அகப்பட்ட எவர்சில்வர் டம்ளரை முழு வேகத்தில் அவள் முகத்தில் எறிந்தான். உதடு கிழிந்து முகக்கவசம் சிவந்தது.

"எம்மேல ஒரு ஈ உக்கார விட மாட்டியே! நீயா? நீயா என் கைய எடுத்த? போடி! என் மூஞ்சில முழிக்காத!"

அவள் போனாள். குழாயடியில் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, கிழிந்த உதட்டில் பஞ்சை அழுத்தி வேறு முகக்கவசம் கட்டி, புதுக் கையுறை மாட்டி, பிளீச்சிங் தண்ணீர் வாளியோடு திரும்பி வந்தாள். மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் புண்ணோடு கிடக்கிறாள். தரையில் ரத்தத்தை விட்டுவைக்க முடியாது. முட்டி போட்டுத் துடைத்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அவன் குரல் கேட்டது. முகம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

"கட்டில் காலுக்கிட்ட இன்னொரு சொட்டு இருக்கு."

அவள் மறுபடி முட்டி போட்டாள்.