ஒரே பையில் இரண்டு மனுக்கள்

காலை எட்டு நாற்பதுக்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆம்பூர் பஸ் ஏறினேன். மாதனூருக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தோல் தொழில் நடக்கும் ஊர்களைப் பார்ப்பது என் திட்டம். ஆம்பூர் பிரியாணிக்காகத்தான் கிளம்பினேன் என்பது என் வீட்டாரின் கருத்து.

பக்கத்தில் உட்கார்ந்தவர் முனிரத்தினம். மாதனூரை ஒட்டிய கிராமத்தில் இரண்டு ஏக்கர் விவசாயம். விடியற்காலையில் வேலூர் லாங் பஜார் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். சட்டைப் பையில் ஒரு மடித்த காகிதமும் ஒட்டிய கவர் ஒன்றும் இருந்தன. காகிதம் அவருடைய மனு. கவர் மனைவி அமுதாவுடையது.

"இன்னிக்கு கிராம சபை சார். ஏரிக்கரையாண்ட ஷூ கம்பெனி புது யூனிட் கட்டணுமாம். ஊரு சரின்னாத்தான் கட்ட முடியும். வேணாம்னு நான் மனு குடுக்குறேன். அவன் போர் போட்டு தண்ணி இழுத்தான்னா என் கெணறு அவ்ளோதான்."

"உங்க வீட்டம்மா மனு?"

"வேணும்னு."

அமுதாவுக்கு ஆம்பூரில் அதே ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஷிப்மென்ட் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை. அதனால் எதிர்க்கட்சிக்காரரான கணவரிடமே மனுவைக் கொடுத்தனுப்பிவிட்டார். அதைக் கொடுக்காமல் விட்டால் என்ன என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"அது எப்டி சார், நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்குது" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாதனூரில் இறங்கியதும், "நீங்களும் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார்.

பதினொன்றரை மணி. ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். நூறு பேர் இருக்கும். முனிரத்தினம் தன் மனுவைப் படித்ததும் பலத்த கைத்தட்டல். காரியம் முடிந்த மாதிரிதான். அடுத்து அந்தக் கவரைப் பிரித்தார்.

"இன்னாணா, நீ எந்தக் கட்சி?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மனுவைக் கொடுத்தால் போதும், படிக்க வேண்டாம் என்றார் ஊராட்சித் தலைவர்.

"என்த முழுசா கேட்டீங்க இல்ல? இதையும் கேளுங்க."

யூனிட் இங்கே வந்தால் நடந்தே வேலைக்குப் போகலாம், பிள்ளை கண் விழிக்கும்போது வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருந்தார் அமுதா. ஓர் இடத்தில் முனிரத்தினம் நிறுத்திவிட்டார். பிறகு அதையும் படித்தார்.

"என் வீட்டுக்காரர் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் எட்டிப் பார்க்கிறார். நான் காலை அஞ்சரை மணி கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை."

அந்த இரண்டு வரியை அவர் தாண்டிப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இப்படி ஒரு மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்பவர்கள் ஏழு பேர் அதிகம். முனிரத்தினத்தின் கை வேண்டாம் என்ற பக்கம்தான் உயர்ந்தது.

ஒரு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில் அமுதா கூப்பிட்டார். முனிரத்தினம் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"உன்து ஜெயிச்சிருச்சு."

"நீ எதுக்கு மாமா கைய தூக்கின?"

"என்துக்குத்தான். அடுத்த சபைல மறுபடியும் குடுப்பேன்."

அங்கே சிரிப்புச் சத்தம். இவர் சிரிக்கவில்லை. "பஸ்ல உக்கார எடமே கெடைக்கறதில்லியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாலையில் ஊருக்குத் திரும்பும் பஸ் ஏறினேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எப்போதும் என்னை எதிர்த்துப் பேசும் இரண்டாம் மாடிக்காரர் சங்கக் கூட்டத்தில் படிக்கச் சொல்லி முன்பு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். நேரமில்லை என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிட்டேன். மூன்று மாதமாகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.