நூலகத் தவணையும் பூஜையில் வைத்த புத்தகமும்

நான் எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகுகளுக்குக் கயிறு கட்டுகிறவன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை நாற்பத்திரண்டு வயதில், கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஒன்றில் தபால்வழி பி.ஏ. என்று மறுபடி தொடங்கினேன். முருகன் புண்ணியத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசி வருடப் பாடங்களுக்குத்தான் தீவில் எங்கும் புத்தகம் கிடைக்கவில்லை. அப்போதுதான், தூரத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கென்றே பல்கலைக்கழக நூலகம் தனிச் சேவை நடத்துவது தெரிந்தது. கேட்டால் புத்தகத்தை வீட்டுக்கே அனுப்புவார்களாம். மனசு நிறைந்துவிட்டது.

சேவைக்கு ஒரு சட்டம் உண்டு. இருபத்தொரு நாளில் புத்தகம் திரும்ப நூலகத்தில் இருக்க வேண்டும். தவறினால் உறுப்பினர் கார்டு ரத்து. கார்டு போனால் மீதிப் புத்தகங்களும் வராது, பி.ஏ.வும் அதோடு சரி. அந்த இருபத்தொரு நாள் எப்போது தொடங்கும் என்று போனில் கேட்டேன்.

"இங்கேருந்து கிளம்பின நாள்லேருந்து சார்," என்றார் நூலக அம்மா.

"கப்பல்ல வரணுமேம்மா."

"கப்பலெல்லாம் எதுக்கு சார்? தபால்லயே அனுப்பிடறோம்."

"தபாலும் கப்பல்லதாம்மா வருது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வேணுங்கற பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பலாம் சார். தூரத்துல இருக்கறவங்களுக்குன்னே வச்ச வசதி. நேர்ல வந்து ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

புத்தகமே அனுப்புங்கள் என்றேன்.

பதினேழாம் நாள் அது ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகம் வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன், இரவும் ஜெட்டியிலேயே. பூஜையன்று மாலை சென்னைக்கு ஒரு கப்பல். அதில் சமையல் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் கையில் கொடுத்தால் மூன்று நாளில், தவணைக்குச் சரியாகப் போய்ச் சேரும். அதற்குள் வேண்டிய நான்கு பாடங்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே பூஜையன்று காலை வீட்டுக்கு வந்தேன்.

புத்தகம் சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தது. அட்டையில் சந்தனம், குங்குமம். மேலே பட்டுத்துணி.

"என்ன பண்ணி வச்சிருக்கே?" என்றேன் மனைவியிடம்.

"வீட்டுக்கு வந்த புது புக்கு. சாமிகிட்ட வைக்காம எங்க வைக்கறதாம்?"

"சாயங்காலக் கப்பல்ல அது போகணும்."

"நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"படிக்க மாட்டேன். போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்."

"எதுக்கு எடுக்கறீங்க? படிக்கத்தானே?"

துர்கா பூஜைப் பந்தலுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு வங்காளி விஷயம் கேட்டுச் சிரித்தார். "அரே பாய், ஹமாரா சரஸ்வதி பூஜா தோ தீன்-சார் மஹினா பாத்! கிதாப் மேரா கர் லாவோ." அவர்கள் சரஸ்வதி பூஜை தை மாதம் வாக்கில்தான். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்றே படிக்கலாமாம். சரஸ்வதி வீட்டுக்கு வீடு வேறு ஆளா என்ன? நான் போகவில்லை.

கப்பல் போய்விட்டது. தாயே, உனக்காகத்தான் கார்டை விட்டேன், இனி நீயே பார்த்துக்கொள் என்று கும்பிட்டேன். கும்பிட்டதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

அடுத்த கப்பலுக்கு எட்டு நாள் ஆயிற்று. எப்படியும் கார்டு போகப்போகிறது என்றான பிறகு எதற்கு அவசரம்? அந்த எட்டு நாளில் படித்ததுபோல் நான் எப்போதும் படித்ததில்லை.

புத்தகம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றிய அன்று, பயந்துகொண்டே போன் செய்தேன்.

"வந்துடுச்சு சார்," என்றார் நூலக அம்மா.

"லேட்டுன்னு தெரியும்மா. என் கார்டு..."

"எது லேட்டு? பூஜைக்கு நாங்களே எல்லா பீரோவையும் பூட்டிப் பொட்டு வச்சுட்டோம். அதோட சேர்ந்து ஒரு வாரம் லீவு. எல்லாருக்கும் தவணை ரெண்டு வாரம் தள்ளியாச்சு. மெயில் பாக்கலியா?"

பார்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். மறைத்தால் பாவம் என்று வாயைத் திறந்தேன். "அட்டையில குங்குமம் இருக்கும்மா."

"பாத்தேன். இங்க ஒரு ஷெல்ஃப் பூரா குங்குமம்தான். உங்க புக்கையும் அதுல வச்சுட்டேன். இனிமே எது உங்க பொட்டு, எது எங்க பொட்டுன்னு யாரு கண்டா?"

சுவரில் இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்கான புத்தகத்தைக் கேட்டேன்.

"அனுப்பறேன். இருபத்தொரு நாள், ஞாபகம் இருக்கட்டும். இந்தத் தடவை தவணையத் தள்ளறதுக்கு நடுவுல பூஜை எதுவும் இல்ல சார்."