மீட்கப்பட்டவள் சொன்னதும் நான் சொன்னதும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில் நான் ஜோகுபாளையத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாரம் இரண்டு நாள், பள்ளி விட்டதும் கண்டோன்மெண்டில் இருந்த பெண்கள் மீட்பு இல்லத்துக்குப் போவேன். அதை நடத்திய துரைசானிக்குத் தமிழ் தெரியாது. போலீஸ் கொண்டுவந்து விடும் பெண்களோ பெரும்பாலும் சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்தக் கன்னட ஊருக்கு வந்தவர்கள். அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது என் வேலை. பெரிய நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் விபசார விடுதிச் சோதனை நடத்தி ஏழு பெண்களை அழைத்து வந்தார்கள். ஆறு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கோபமாக நின்றாள். திருப்பத்தூர்ப் பக்கம், இருபத்திரண்டு வயதிருக்கும்.

“டீச்சரம்மா, அந்த ஊட்ல நாலு மாசம் என்னைப் பூட்டி வெச்சிருந்தாங்க, நெஜம்தான். ஆனா நான் தப்பிச்சு வந்தே எட்டு மாசம் ஆவுது. அப்ப யாரும் வந்து காப்பாத்தல. நானேதான் செவரேறிக் குதிச்சேன். இப்ப மில்லுல நூல் சுத்துறேன். வேல முடிஞ்சு தெருவுல நடந்து வந்தவள இட்டாந்து அடைச்சா என்னா நாயம்?”

யார் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது என்று கேட்டேன். “ஊர்க்காரங்க” என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

துரைசானி இரக்கமாகத்தான் கேட்டுக்கொண்டார். ஆனால் இல்லத்துக்கு ஒரு விதி இருந்தது. உள்ளே வந்த பெண்ணை உறவுக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். போலீஸ் அவள் ஊருக்குக் கடிதம் எழுதியது.

அதற்கிடையில் ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு நடுவயதுக்காரி மூன்று முறை வந்து இல்லத்தின் வாசலருகே நின்றாள். அதே மில்லில் வேலை செய்பவள். தப்பி வந்தவளைத் தன் அறையில் சேர்த்துக்கொண்டவள். “சும்னே புடிச்சு வெச்சிருக்காங்களே மேடம்? நான் பாத்துக்கிறேன், உட்டுடச் சொல்லுங்க” என்று கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் கெஞ்சினாள். உறவுக்காரி இல்லையென்று அவளை உள்ளேகூட விடவில்லை.

மூன்றாவது வாரம் திருப்பத்தூர்ப் பெண்ணின் அக்காள் கணவர் வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஊர் மணியக்காரரின் கடிதம். தாய் தகப்பன் இல்லாத பெண்ணைத் தேடாத இடமில்லை என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளை அலுவலக அறைக்கு அழைத்து வந்தார்கள். அவரைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“இந்த ஆளுதான் என்னை வித்தது. அக்கா வாழ்க்க கெட்டுடுமேன்னு அன்னிக்கு மறைச்சுட்டேன். மில்லு வேலைன்னு சொல்லி அந்த ஊட்டுப் பொம்பள கையில ஒப்படைச்சவரு இவருதான். அந்தம்மாகிட்ட சொல்லுங்க.”

துரைசானி என் முகத்தைப் பார்த்தார். போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மில்லுக்குத் திரும்பிப் போவதற்காகப் பொய் சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைவிட, சொந்த அக்காள் கணவரே பெண்ணை விற்றார் என்று ஒரு வெள்ளைக்காரியிடம் என் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. நம் ஜனங்களைப் பற்றி என்ன நினைப்பார்? “அவர்மேல் கோபமாக இருக்கிறாள், போக விருப்பமில்லை என்கிறாள்” என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னேன்.

முதலில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு துரைசானி அவரிடம் காகிதத்தை நீட்டினார்.

“சொன்னீங்களா?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“சொன்னேன்” என்றேன்.

அவளை அனுப்பிவைத்த பதினோராம் நாள் மத்தியானம் அந்த ஒக்கலிபுரத்துக்காரி பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒற்றை அறை. சுவரோரம் அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் துணிக்கட்டு. திருப்பத்தூர் போக ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டும். அக்காள் கணவர் இறங்கவில்லை. மெட்ராஸ் போகிறோம், அங்கே ஒரு வேலை பார்த்திருக்கிறேன் என்றாராம். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிளாட்பாரம் இல்லாத பக்கமாகத் தண்டவாளத்தில் குதித்து ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் மில்லில் அவள் இடத்தில் வேறொருத்தி.

“நீங்க சொல்லல, இல்ல?”

நான் தலையைக் குனிந்தேன்.

“அந்தம்மாவுக்கு நான் பேசறது புரியாது. உங்களுக்குப் புரிஞ்சுதே டீச்சரம்மா.”

மன்னித்துவிடு என்றேன். நான் கிளம்பும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே துரைசானியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு பேனாவை எடுத்து, “அவள் எங்கே இருக்கிறாள்? வெளியே அவளுக்கு ஆபத்து. உடனே இங்கே கொண்டுவர வேண்டும்” என்றார்.

“வந்தால் வேலைக்குப் போய்வர விடுவீர்களா?”

“அது எப்படி முடியும்? வேறு உறவுக்காரர் யாராவது கிடைக்கும்வரை இங்கேதான் இருக்க வேண்டும்.”

இடம் எனக்குத் தெரியாது என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. இனி நான் வரத் தேவையில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒக்கலிபுரம் போனேன். அந்த அறையில் வேறு குடும்பம் குடியிருந்தது. இரண்டு பெண்களும் விடியற்காலையில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி கன்னடத்தில் சொன்னாள். பெரியவளும் தன் மில் வேலையை விட்டுவிட்டாளாம். எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அல்லது என்னிடம் சொல்ல வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் போலீஸோடு வருவேன் என்று அவர்கள் பயந்திருந்தால் அதில் தவறில்லை. அப்படிப் பயப்படும்படிதான் நான் நடந்துகொண்டிருந்தேன்.