பாத்தும்மாவின் ரோசா

உம்மு குல்சூம் விடத்தல்தீவில் பிறந்தவள். பிள்ளை இல்லை என்று முதல் கலியாணம் முறிந்துபோக, தமையன் ஆதம்பாவாவின் வீட்டில் பல வருடம் இருந்தாள். தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், எருக்கலம்பிட்டி வஸீருக்கு இரண்டாம் தாரமாக அவளைக் கேட்டு வந்தார்கள். வஸீர் முசலிப் பக்கம் நெல் வாங்கித் தன் ஊரிருக்கும் தீவில் விற்பவர். மனைவி பாத்தும்மா பிள்ளைப்பேற்றில் மௌத்தாகிவிட்டாள். பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. ஒரே மகள் ஹிதாயாவுக்கு அப்போது ஐந்து வயது.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் ஊர் வழக்கம். ஆனால் தாயை இழந்த பிள்ளையை வீட்டையும் விட்டுக் கிளப்ப வஸீருக்கு மனம் வரவில்லை. ஆகவே குல்சூம்தான் அங்கே போனாள். அந்த வீடு பாத்தும்மாவின் சீதனம். அவளுக்குப் பிறகு அது ஹிதாயாவுக்கு. இது தெரிந்தேதான் குல்சூம் போனாள்.

குசினிக்குப் பின்னால், கிடுகு வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் பாய் விரிக்குமளவு நிலம் இருந்தது. அதில் பாத்தும்மா வைத்த பன்னீர் ரோசாச் செடி ஒன்று நின்றது. ஹிதாயா யாரையும் அதன் பக்கத்தில் விடமாட்டாள். சிரட்டையில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளித் தானே ஊற்றுவாள். கிணறோ உவர்க் கிணறு. இலைகளின் ஓரம் கருகி, செடி மூன்று நெடுங்கொப்புகளாய் நீண்டு, சோளகக் காற்றில் வேலியோடு அடிபட்டுக்கொண்டிருந்தது. பூ என்று ஒன்றில்லை.

குல்சூம் அவளுக்குத் தெரியாமல் செடியைப் பார்த்துக்கொண்டாள். ஊர் ஓரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடிக்கக் கொண்டுவரும்போது ஒரு குடம் கூடக் கொண்டுவந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை எல்லாம் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது வேருக்குப் போயின. மாரி மழை ஓய்ந்ததும் ஒருநாள், செடி இனித் தாங்காது என்று பார்த்து, மூன்று கொப்பையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாள்.

ஹிதாயா வந்து பார்த்தாள். அலறினாள்.

"உம்மாட செடிய வெட்டிப் போட்டா! வாப்பா, இவ உம்மாட செடிய வெட்டிப் போட்டா!"

தூக்கப்போன குல்சூமின் கையைக் கடித்தாள். வஸீர் ஓடிவந்து பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்று பிள்ளை சாப்பிடவில்லை. வெட்டிய கொப்புகளை முள்ளோடு பொறுக்கிக்கொண்டுபோய்த் தன் பாயின் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். குல்சூம் வாசற்படியில் இருந்து அழுதாள். வெட்டியது பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். செடி பட்டுப்போனால் இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்பதும் தெரியும்.

பல நாள் கழிந்து ஒரு காலை, பின்வளவிலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது.

"சாச்சி! ஓடி வாங்கோ! சிவப்பாய் என்னமோ வருது!"

அதுவரை ஹிதாயா அவளைச் சின்னம்மா முறையில் சாச்சி என்றல்ல, எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. குல்சூம் மாப் பிசைந்த கையோடு ஓடினாள். வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு சிவந்த துளிர்.

"வெட்டினால்தான் துளிர்க்குமா, சாச்சி?"

"ஓம் மகள். பதிவாய், குட்டையாய் நிண்டால்தான் காத்துக்கும் தாங்கும்."

அதற்குப் பிறகு செடி வளர்ந்ததும் பிள்ளை வளர்ந்ததும் ஒன்றாகத்தான். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் இருவருமாக வெட்டினார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று ஹிதாயா விரல் வைத்துக் காட்டுவாள். செடி கவிழ்த்து வைத்த பனையோலைக் கடகம்போலக் கட்டுக்குள் நின்று, இளஞ்சிவப்பாகப் பூத்தது. வஸீர் முசலியிலிருந்து திரும்பும் நாளில் பிள்ளை ஒரு பூவைக் காதில் செருகிக்கொண்டு வேலிப் படலையில் நிற்பாள். இரவில் சாச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள்.

ஹிதாயாவுக்குப் பத்து வயதானபோது, வஸீர் முசலியிலிருந்து காய்ச்சலோடு வந்தார். ஆஸ்பத்திரியில் தந்த கசப்பு மருந்து வயிற்றில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தவர் அடுத்த வெள்ளியைக் காணவில்லை.

குல்சூம் வெள்ளை உடுத்து, விதவைக்குரிய இத்தா இருந்தாள். வெளியே போகக்கூடாத அந்த மாதங்களில் நல்ல தண்ணீர் எடுத்துவரும் வேலையை ஹிதாயா ஏற்றுக்கொண்டாள். இடுப்பில் குடம் வழுக்கி வழுக்கி, பாதி தளம்பிப் போய்த்தான் வரும். அந்தப் பாதியிலும் ரோசாவுக்கு ஒரு பங்கு உண்டு.

இத்தா முடிந்ததும் பாத்தும்மாவின் மூத்த சகோதரி நூர்ஜஹான் வந்தாள். பொல்லாதவளல்ல. வஸீர் மௌத்தான நாளிலிருந்து தன் வீட்டுச் சோறு அனுப்பியவள்.

"நான் உங்களத் துரத்த வரேல்ல, குல்சூம். ஆனா வீடு பிள்ளைட வீடு. பொம்பிளப் பிள்ளைய இனித் தனிய விடேலாது. நாங்கள் இஞ்ச வந்து இருக்கப்போறம். என்ட அவரும் இருக்கிற வீட்டில நீங்கள் எப்பிடி இருக்கிறது?"

"பிள்ளைய என்னோட விடுங்கோ. விடத்தல்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"என்ன முறை சொல்லிக் கொண்டு போவீங்கள்?" என்று நூர்ஜஹான் மெதுவாகக் கேட்டாள்.

குல்சூம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெற்றவளல்ல, பாலூட்டியவளுமல்ல.

குல்சூமைக் கூட்டிப்போகத் தமையன் ஆதம்பாவா வள்ளத்தோடு வந்தார். அன்று விடியப்புறமே எழும்பிய ஹிதாயா யாருக்கும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துப் பின்வளவுக்குப் போயிருந்தாள். குல்சூம் பெட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது, பிள்ளை செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கையெல்லாம் முள் கிழித்த இரத்தம். கொத்தியும் இழுத்தும் பிடுங்கியதில் வேர் பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

"இதக் கொண்டு போங்கோ சாச்சி. உம்மாட செடிதான், ஆனா உங்களுக்கு."

நூர்ஜஹான், "அல்லாஹ்வே, என்ட தங்கச்சி வெச்ச மரம்!" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் வற்றுகிறது, வள்ளம் தரை தட்டும் என்று ஆதம்பாவா வாசலிலிருந்து அவசரப்படுத்தினார். குல்சூம் செடியை வாங்கிக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போனாள். குழியைச் சீராக்கி, திரும்ப நட்டு, கொப்புகளை ஒரு சாண் விட்டு வெட்டி, வெயில் படாமல் கிடுகு சாத்தினாள். அறுந்த வேரைக் கையில் பிடித்தபோதே இது பிழைக்காது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"துளிர்க்குமா சாச்சி?"

அந்த முகத்தைப் பார்த்து வேறெதையும் சொல்ல அவளால் முடியவில்லை.

"துளிர்க்கும் மகள். நல்ல தண்ணி மட்டும் ஊத்து."

வள்ளம் கரையை விட்ட பிறகும் ஹிதாயா முழங்கால் தண்ணீரில் நின்றாள். நூர்ஜஹான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் குல்சூமுக்குத் திரும்பி வர வாய்த்தது. பிள்ளைக்குச் சட்டைத் துணியும் பலகாரமும் கொண்டு வந்தாள். வீடு நிறையப் பிள்ளைகள். ஹிதாயா அவளைக் கண்டதும் ஓடிவந்து, கையைப் பிடித்துப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிடுகு இன்னும் சாத்தியபடி. மண் ஈரமாக இருந்தது. நடுவில் மூன்று சாம்பல் நிறக் குச்சிகள்.

"இன்னும் துளிர்க்கேல்ல, சாச்சி. நான் ஒரு நாளும் விடேல்ல. நல்ல தண்ணிதான் ஊத்துறனான்."

குல்சூம் குந்தியிருந்து நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினாள். அங்கும் இல்லை. இன்னொரு முறை பொய் சொன்னால் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை மாதம் குடம் சுமக்கும்?

"பட்டுப் போச்சு மகள்."

"நீங்கள் துளிர்க்கும் எண்டு சொன்னீங்கள்."

"ஓம்... சொன்னனான்."

ஹிதாயா பிடித்திருந்த கையை விட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நூர்ஜஹான் தட்டினாள், அதட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். குல்சூம் பின்னேரத்து அஸர்த் தொழுகை நேரம் வரை அந்தக் கதவோரம் இருந்தாள். பலகாரத்தை நூர்ஜஹானின் கையில் கொடுத்துவிட்டு வள்ளமேறினாள்.

அதன் பிறகு ஆள் அனுப்பிப் பிள்ளையைக் கேட்டபோதெல்லாம் அவள் வரமாட்டாளாம் என்றே சொல்லிவந்தார்கள். குல்சூம் தமையன் வீட்டில் அவருடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், பாய் பின்னினாள். லூசியா என்ற அயல்வீட்டுக்காரி மாதா கோயிலுக்காக வளர்க்கும் ரோசாக்களில் ஒரு பதியன் தரட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பதினாறு வயதில் ஹிதாயாவைப் புத்தளத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நூர்ஜஹான் மறக்காமல் சொல்லி அனுப்பினாள். பெண்கள் ஒவ்வொருவராய் மணப்பெண்ணின் கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்த வரிசையில் குல்சூமும் நின்றாள். அவள் முறை வந்தபோது ஹிதாயா தலை நிமிரவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள், விடவில்லை. குல்சூம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அடுத்தவள் கையை நீட்ட, குல்சூம் மெல்லக் கையை விடுவித்து விலகி இடம் கொடுத்தாள்.