லா சப்பலில் என் பிழையைச் சொன்ன சனிக்கிழமை

குஞ்சு, நீ மாதம் தவறாமல் போய்வந்த இடத்துக்கு நேற்று நான் போய்வந்தேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். குஞ்சு என் மகள், பரிஸில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கண் பரிசோதகர். டாக்டர் பார்ப்பதற்கு முன் எழுத்துப் பலகை காட்டிப் பார்வையை அளக்கிற வேலை. போன மார்கழியில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதே வேலை செய்கிற ஆறு பேரைச் சேர்த்து அவள் ஒரு கூட்டம் தொடங்கியிருந்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, ஒருவரிடம் ஒருவர் படிப்பார்கள். சட்டம் ஒன்றுதான்: ஆளுக்கொரு பிழையோடு வரவேண்டும். தான் விட்ட பிழையைச் சொன்னவருக்குத்தான் தேத்தண்ணீர்.

அவள் போனபின் ஒருவருக்கும் வாய் திறக்க மனம் வரவில்லையாம். இந்தச் சனியோடு நிறுத்தப்போகிறோம் என்று அவர்களில் ஒருவனான கபிலன் சொல்லி, அவள் பிழைகளை எழுதிவைத்த கொப்பியைக் கேட்டான். தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை, நானே கொண்டுபோனேன்.

பரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டடியில் 9.10க்கு பஸ். கிட்ட வந்தால்தான் நம்பர் தெரியும் எனக்கு. அதனால் வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவேன். முதலில் நின்ற பஸ்காரன், "மதாம், நேற்றும் என்னைத்தான் மறித்தீர்கள், இது உங்கள் பஸ் இல்லை" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தான். அடுத்ததில் ஏறினேன், ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து RER D ரயிலில் பரிஸின் கார் து நோர் ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம். பஸ்ஸுக்கு 2 யூரோ, ரயிலுக்கு 2.50. கார் து நோரிலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பத்து நிமிட நடை. காத்திருந்த நேரமும் சேர, அவர்கள் கூடுகிற சாப்பாட்டுக்கடையின் மேல்மாடிக்கு நான் ஏறும்போது 10.25.

கபிலன் எங்கள் பக்கத்து ஊர் கார்ஜ் லே கொனெஸில் வளர்ந்த பிள்ளை. கொப்பியின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். மகள் பிரெஞ்சில் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னான்: "ஒருவருக்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் நல்லாத் தெரியுது என்கிறார். நான் எங்கே பிழை விடுகிறேன்?"

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். படித்தவர்களுக்கு நடுவில் என்ன சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

"நானும் ஒரு பிழை கொண்டந்தனான், தம்பி. இந்தக் கண்ணாடி என்ர பிள்ளை அளந்து தந்தது. எனக்கு வடிவாத் தெரியேல்லை. ஓம் ஓம் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

"ஏன் அன்ரி?"

"ஒண்டு நல்லதோ, ரெண்டு நல்லதோ எண்டு கேக்கேக்கை நான் எழுத்தையோ பாத்தனான்? அவளின்ர முகத்தைப் பாத்தனான். முகம் எதுக்கு மலருதோ, அதைத்தான் நல்லது எண்டனான்."

ஆறு பேரில் ஒருத்தியான புதுச்சேரிக்காரி மதலேன் நெற்றியில் கை வைத்தாள். "அடக் கடவுளே! நம்ம எல்லாருமே முகம் தெரியற மாதிரி முன்னாடிதானே நிக்கிறோம்!"

கபிலன் தன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கண்ணாடிகளை மாற்றிப் போடுகிற வெறும் பிரேமை என் மூக்கில் மாட்டினான். முன்னால் நின்று ஒரே கண்ணாடியை இரண்டு தரம் கழற்றிப் போட்டுக் கேட்டான். "ரெண்டாவது நல்லது" என்றேன்.

"அன்ரி, நான் மாத்தவே இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு.

பிறகு என் முதுகுப் பக்கம் போய் நின்று கேட்டான். பார்க்க முகம் இல்லை, எதிர்ச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைதான் இருந்தது. நாலாவது கண்ணாடிக்குக் கடைசி வரி வந்தது. ஜன்னலடிக்குக் கூட்டிப்போனான். தெருமுனையில் திரும்பிய பஸ்ஸின் நம்பரை நான் உரத்து வாசித்தேன். கீழே கடைக்காரர், "என்ன அக்கா, லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?" என்று கத்தினார்.

திங்கள் முதல் ஆறு பேரும் வயதானவர்களைப் பின்னால் நின்று கேட்டுப் பார்க்கப்போகிறார்கள். பலன் என்ன என்று சொல்ல அடுத்த மாதமும் கூட வேண்டுமே! நிறுத்துகிற பேச்சு அதோடு போயிற்று. எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள், சட்டப்படி.

போக நினைக்கிறவர்களுக்கு: சனிக்கிழமை லா சப்பலில் சனம் நிறைய, பத்தரைக்கு முன் போங்கள். கண் காட்டப் போகிறவர்கள் பரிசோதிக்கிறவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளையாக இருந்தாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கொப்பியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்தில் 'ஒருவருக்கு' என்றுதான் இருக்கிறது, நீ பெயர் எழுதவில்லை. அந்த ஒருவர் நான்தானா, குஞ்சு?