நடுங்காத கை

லைட்மேன்கள் அவளுக்கு வைத்த பெயர் 'அணைக்கா'. எந்தப் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தாலும் "அதை அணை, இதையும் அணை" என்றுதான் ஆரம்பிப்பாள். பாதி விளக்கு அணைந்த பிறகுதான் அவளுக்கு இடமே கண்ணில் படும். அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கட்டியணைக்கிற ரகம் அவள் இல்லை என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

ஒளிப்பதிவு படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, கணக்கு டீச்சரான அம்மா மறுப்புச் சொல்லவில்லை. கேமரா எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டார். படித்து முடித்ததும் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்து, லென்ஸிலிருந்து நடிகரின் மூக்கு வரைக்கும் டேப் பிடித்து அளந்து ஃபோகஸ் வைத்தாள். போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் நடிக்க வந்தவள் என்று நினைத்து மேக்கப் அறைக்கு வழி காட்டுவார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், டேப்பைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

சினிமாவில் தனியாகக் கேமராவைக் கொடுக்க ஆள் இல்லாததால் ஆவணப்படங்களுக்குப் போனாள். மூன்றாவது படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த ஊரில் ஒரு சுரங்கம் சரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்கள் கம்பிக் கதவுக்கு வெளியே காத்துக் கிடந்தன. அதில் ஒரு பெண் மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் நின்றாள். குழுவில் அவளைக் குடைக்காரம்மா என்றார்கள்.

ஒரு மத்தியானம் அதிகாரி ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்து அந்தப் பெண்ணின் கணவன் பேரைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பிடிக்க ஓடிவந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பி நேராக லென்ஸைப் பார்த்தாள். பின்னால் இயக்குநர் விசும்புவது கேட்டது. இவள் மூச்சை அடக்கி, ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. அன்று அறைக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். எழுந்தபோதுதான் அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

அந்த ஒரு ஷாட் அவளை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கை நடுங்கவே இல்லையே என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். கதைப்படங்கள் வந்தன. வெள்ளம், தீ, மரணப் படுக்கை என்றால் அவளைக் கூப்பிடு என்றானது. போனாள், எடுத்தாள், வந்தாள். பெரிதாகச் சந்தோஷப்பட்டதும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை.

கணவர் ஒலிப்பதிவாளர். பல வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு ஒரு நாள் கிளம்பினார். வாசலில் மைக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உன்கிட்ட சண்டைகூட போட முடியலம்மா. சுவத்துல பந்து அடிச்சா அதாவது திரும்பி வரும்."

சரிதான் என்று அவளுக்கும் தோன்றியது. பெட்டிகளை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தாள்.

பிறகு அந்தச் சுரங்கக் கதையையே ஒருவர் சினிமாவாக எடுக்க அவளிடமே வந்தார். கம்பிக் கதவு, சேறு எல்லாவற்றையும் தளத்துக்குள் போட்டார்கள். விளம்பரத்துக்காக நிஜக் குடைக்காரம்மாவையும் வரவழைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை நரைத்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவராக நடித்த நடிகை கதறினாள், கம்பியில் முட்டிக்கொண்டாள். அன்று அந்த அம்மா அழவில்லை என்று இவள் இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தாள். அழாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும் என்றார் அவர். நியாயமாகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

இடைவேளையில் குடைக்காரம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கேமரா பிடிச்ச பொண்ணு நீதானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன். நீ அழுதா நானும் அழுதுடலாம்னு இருந்தேன். நீ அழல. சரி, இவ அழலையேன்னு நானும் நின்னுட்டேன். அப்புறம் அது வரவே இல்ல."

"இன்னிவரைக்குமா?"

"இன்னிவரைக்கும். உனக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "எனக்கும் இல்லம்மா."

"அப்ப சரி," என்றார் அந்த அம்மா. என்ன சரி என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மடக்கு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

படம் ஓடவில்லை, ஒளிப்பதிவை மட்டும் எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு குடைக்காரம்மா அவ்வப்போது போன் செய்ய ஆரம்பித்தார். பேச ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் டிவி ஓடும், இந்தப் பக்கம் இவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வைக்கட்டுமா என்று யாராவது ஒருவர் கேட்கிற வரைக்கும் அப்படியே இருப்பார்கள்.

போன வருடம் குடைக்காரம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. கூட இருக்க ஆள் இல்லை. ஒத்துக்கொண்டிருந்த படத்தை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு இவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அவள் விட்ட முதல் படம் அது. ஊசி போட வந்த நர்ஸ், இவங்க யாரு என்று கேட்டாள்.

"தங்கச்சி," என்றார் குடைக்காரம்மா, கண்ணைத் திறக்காமலே.

அதைக் கேட்டும் அவளுக்குள் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. நாற்காலியை மட்டும் கட்டில் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.